கீழ்வீட்டு ஆன்ட்டியின் சோப்பு டப்பா

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் பழைய எலக்ட்ரானிக் சாமான்கள் விற்கும் சந்து ஒன்றில், பிளாஸ்டிக் தட்டு நிறையச் செத்துப்போன போன்களைக் கொட்டி வைத்திருந்தார்கள். நான் தேடிப் போனது ஒரு டிஸ்ப்ளே. கையை விட்டுத் துழாவியபோது கனமாக வேறொன்று மாட்டியது. கறுப்பு உடம்பு, அகலமான திரை, அதற்குக் கீழே மாதுளை முத்துகளை வரிசையாக ஒட்டியதுபோல் பொடிப்பொடி எழுத்து விசைகள். வலது ஓரத்தில் கட்டைவிரலால் உருட்டுகிற சின்னச் சக்கரம். மேல்மூலையில் கடுகு அளவுக்கு ஒரு கண்ணாடிப் புள்ளி.

அந்தப் புள்ளியைப் பார்த்த நொடியில்தான் யோசனை வந்தது. கூட்டத்துக்கு நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர் என் செருப்பை மிதித்துவிட்டுத் திட்டினார்.

"அது செத்துப் போச்சு மேடம்" என்றார் கடைக்கார பாய். "சர்வீஸே நிறுத்திட்டாங்க. மெயிலும் வராது, போனும் வராது. வேணும்னா ஷோகேஸ்ல வெச்சுக்கலாம்."

"மேல இருக்கற லைட்டு எரியுமா பாய்?"

"லைட்டா? லைட்டுக்காகவா எடுக்கறீங்க?"

"அதுக்கு மட்டும்தான்."

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ம பெங்களூர்ல எல்லா டைப் ஆளும் இருக்காங்கப்பா" என்று பக்கத்துக் கடைக்காரரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே ஒரு பழைய பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் பஸ்ஸிலேயே பேப்பரைப் பிரித்துவிட்டேன். சக்கரத்தை உருட்டிப் பார்த்தேன். கட்டைவிரலுக்கு அடியில் டிக் டிக்கென்று அதே சின்னச் சின்ன இடறல். அந்த இடறலோடு கீழ்வீட்டு ஆன்ட்டியும் வந்துவிட்டார்.

காக்ஸ் டவுனில், சர்ச்சுக்குப் பின்தெருவில், ஒரே காம்பவுண்டுக்குள் மேலும் கீழுமாக இரண்டு வீடுகள். மேலே நாங்கள். கீழே அவரும் அவர் தம்பியும். அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எனக்கு ஆன்ட்டி, என் அம்மாவுக்குக் "கீழ்வீட்டுக்காரங்க", தம்பிக்கு அக்கா. தம்பிக்கு அப்போதே முப்பது தாண்டியிருந்தது. மனசு மட்டும் ஆறு வயதிலேயே நின்றுவிட்டது. ஆன்ட்டி "தம்பி" என்று கூப்பிட, தெருவே தம்பி என்றது. எங்களைவிடப் பெரியவராயிற்றே என்று நாங்கள் மரியாதைக்காக அதன் பின்னால் ஓர் அண்ணனைச் சேர்த்துக்கொண்டோம். அவர் தம்பி அண்ணன் ஆனார்.

பகலில் தம்பி அண்ணன் ராஜா. காம்பவுண்டுக்குள் விழுகிற ஒவ்வொரு மாவிலைக்கும் கணக்குச் சொல்வார், தபால்காரரிடம் கை குலுக்குவார், மாடியிலிருந்து என் அம்மா எட்டிப் பார்க்கும்போதெல்லாம் சல்யூட் அடிப்பார். பொழுது சாய்ந்ததும் எல்லாம் மாறிவிடும். தெருவிளக்கு எரிகிற நேரத்தில் அக்கா கண்ணில் படவில்லை என்றால் வாசல் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொள்வார். முதலில் பேச்சு நிற்கும். பிறகு உடம்பு முன்னும் பின்னும் ஆடும். அதற்கும் பிறகு நெற்றி கம்பியில் இடிக்க ஆரம்பிக்கும். அவர்களுடைய அம்மா இருந்தவரை அந்த நேரத்தில் அவரை இழுத்து மடியில் போட்டுக்கொள்வாராம். அம்மா போன பிறகு அந்த வேலை ஆன்ட்டியுடையது. அதற்கு ஆன்ட்டி இருட்டுவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும்.

ஆனால் ஆன்ட்டி பார்த்த வேலை இருட்டிய பிறகுதான் சூடு பிடிக்கிற வேலை. வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஒரு கம்பெனியில் அவர் மெர்ச்சண்டைசர். வாங்குகிற வெள்ளைக்காரர்களுக்கும் தைக்கிற தொழிற்சாலைக்கும் நடுவில் நிற்கிற ஆள். பொத்தான் இதுவா, நிறம் அதுவா, வெட்டலாமா வேண்டாமா என்று அங்கிருந்து மெயில் வரும். இவர் பார்த்துத் தொழிற்சாலைக்குச் சொல்ல வேண்டும். அவர்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காருகிற நேரம் நமக்குச் சாயங்காலம். அதனால் அந்த ஆபீஸில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம்வரை யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதில்லை.

இதற்கு ஆன்ட்டி கண்டுபிடித்த வழிதான் அந்தக் கறுப்புக் கருவி. முதலாளி ஏதோ ஒரு வெளிநாட்டுப் பயணத்தில் ஆசைப்பட்டு வாங்கி வந்தது. அவருடைய பெரிய விரல்களுக்கு ஒரு எழுத்தை அழுத்தினால் மூன்று எழுத்து விழுந்தது. வெறுத்துப்போய் டிராயருக்குள் எறிந்துவிட்டார். ஆன்ட்டி நேராகப் போய்க் கேட்டிருக்கிறார்.

"சார், அது சும்மாதானே கெடக்குது? எனக்குக் குடுங்க. அஞ்சரைக்குக் கெளம்பிடுவேன். ஆனா எல்லாரும் வீட்டுக்குப் போற வரைக்கும் நான் ஆபீஸ்லதான் இருப்பேன்."

"ஏனம்மா இது, வீட்டுக்கும் போவியாம், ஆபீஸ்லயும் இருப்பியாம்" என்று முதலாளி சிரித்தாராம். அவர் கன்னடக்காரர், சிரித்தாலும் திட்டினாலும் "ஏனம்மா இது", அதாவது 'என்னம்மா இது', என்றுதான் தொடங்குவார். ஆன்ட்டி மாடிப்படியில் நின்று அதே தொண்டையில் அதை நடித்துக் காட்டுவார். அம்மா சிரித்துச் சிரித்துக் கையிலிருக்கும் அரிசி முறத்தைக் கீழே வைத்துவிடுவாள்.

அன்றைக்குப் பெங்களூரில் அப்படியொன்றைப் பெரிய கம்பெனிக்காரர்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிவார்கள். விமான நிலையத்தில், ஸ்டார் ஹோட்டல் வாசலில் பார்க்கலாம். எங்கள் தெருவில் ஆன்ட்டியுடையது ஒன்றுதான். அதற்கு 'சோப்பு டப்பா' என்று பெயர் வைத்தது என் அம்மா. நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் இரண்டாம் ஆண்டு. நல்லாயிருக்கிற ரேடியோவையும் கழற்றிப் போட்டுவிட்டு முழிக்கிற ரகம். கம்பியும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை, ஒரு மெயில் தானாகவே வந்து உள்ளங்கையில் இறங்குகிறது என்பதை என்னால் தாங்க முடியவில்லை. போனில் பேச்சு வருவது பழகிப்போனது. எழுத்து வருவது வேறு. "எப்டி ஆன்ட்டி? நீங்க கூப்பிடாமயே எப்டி வருது?" என்று தினமும் கேட்பேன்.

"நீதானே படிக்கறே, நீ சொல்லு" என்பார். சொல்லத் தெரியாது. சக்கரத்தை உருட்டிப் பார்க்கக் கொடுப்பார். சாயங்காலம் மட்டும் கொடுக்க மாட்டார்.

சாயங்காலம் அது தம்பி அண்ணனுடையது. ஜன்னல் திண்டில் சோப்பு டப்பா. எதிரே முக்காலியில் அவர். உள்ளே சமையலறையில் ஆன்ட்டி. மெயில் வந்தால் அந்தக் கடுகுப் புள்ளி சிவப்பாக மின்னும். உடனே குரல் கேட்கும். "அக்கா, கண்ணு சிமிட்டுது! ஜெர்மனி!" ஆன்ட்டியிடம் முதன்முதலில் சட்டை வாங்கியவர் ஜெர்மனிக்காரர். அதனால் தம்பி அண்ணனுக்கு எந்த நாட்டு மெயிலும் ஜெர்மனிதான். ஆன்ட்டி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கட்டைவிரலாலும் நாலு எழுத்துத் தட்டிவிட்டு, "பாத்துட்டேன்" என்று தம்பியிடமும் சத்தமாகச் சொல்வார். அந்த வார்த்தை விழுந்ததும் தம்பி அண்ணனின் தோள்கள் இறங்கும். மறுபடி கண்ணையே பார்க்க ஆரம்பிப்பார். இருட்டியது அவருக்குத் தெரியவே தெரியாது.

இந்தப் 'பாத்துட்டேன்'தான் ஆன்ட்டி. அவரைப் பற்றி ஒரு வார்த்தையில் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன். வருகிற மெயிலுக்கு அவரிடம் பதில் இருக்காது. தொழிற்சாலையைக் கேட்க வேண்டியிருக்கும், துணிக்கடையைக் கேட்க வேண்டியிருக்கும். ஆனாலும் 'பார்த்துவிட்டேன், நாளை சொல்கிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி உடனே போய்விடும். "பதில் இல்லாட்டி என்னம்மா, பாத்துட்டேன்னு ஒரு வார்த்தை போதும். அவங்க பாட்டுக்கு அவங்க வேலையப் பாப்பாங்க" என்பார். அம்மா மாடியிலிருந்து குக்கர் கேட்டால், ஆன்ட்டி குக்கரைத் தேடுவதற்கு முன்னாலேயே "கேட்டுச்சு, கேட்டுச்சு, தேடறேன்" என்று கத்துவார். பஸ்ஸில் யாராவது பின்னாலிருந்து சில்லறை நீட்டினால், கண்டக்டர் "முந்தே ஹோகி", முன்னால் போங்க, என்று கூட்டத்தை நெருக்கிக்கொண்டிருக்கும்போதே திரும்பி "வாங்கிட்டேன், குடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கை நீட்டுவார். தெருவில் பிச்சை கேட்பவரிடம் ஒன்றும் இல்லையென்றாலும் நின்று, முகத்தைப் பார்த்து, "இன்னிக்கு இல்லப்பா" என்பார். கேட்காததுபோல் போக அவருக்கு வரவே வராது.

இது எல்லாருக்கும் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. "சாவு வீட்லயும் அந்த டப்பாவத் தட்டிட்டு நிக்கறா" என்று சொந்தக்காரர்கள் பேசுவார்கள். சர்ச்சில் ஒருமுறை பிரசங்கம் உச்சத்தில் இருந்தபோது, ஆன்ட்டியின் கைப்பைக்குள் சோப்பு டப்பா அதிர, அது கிடந்த மரப்பெஞ்சு முழுவதும் டர்ரென்று நடுங்கியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திடுக்கிட்டு எழுந்துவிட்டோம். அந்த நிசப்தத்தில் தம்பி அண்ணன் உற்சாகமாகக் கத்தினார்: "அக்கா, ஜெர்மனி வந்துடுச்சு!"

பாஸ்டர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஆன்ட்டி சிவந்துபோய்த் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கைப்பைக்குள் கட்டைவிரல் அசைந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். "ஜெர்மனியையும் ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக" என்று சொல்லிவிட்டுப் பாஸ்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அதற்கப்புறம் பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு முன்னால் பிடிக்காதவர்களே இல்லை.

அந்த அவசரமே ஒருநாள் அவரைக் கவிழ்த்தது. அந்தக் கருவி பெரிய மெயிலை முழுசாகத் தராது. முதலில் தலைப்பகுதியை மட்டும் இறக்கும். மீதி வேண்டுமென்றால் சக்கரத்தை உருட்டிக்கொண்டே போய், கடைசியில் 'இன்னும்' என்று காட்டுகிற இடத்தில் அழுத்த வேண்டும். அன்றைக்கு நல்ல மழை. சிக்னல் விட்டு விட்டு வந்தது. ஜெர்மனிக்காரப் பெண்மணியிடமிருந்து, நிஜ ஜெர்மனி, மெயில். 'நீங்கள் அனுப்பிய நிறம் அருமை, துணியை வெட்டலாம்' என்று தலையில் இருந்தது. அதற்குக் கீழே பூங்கொத்து அளவுக்குப் பாராட்டு. ஆன்ட்டி அத்தோடு நிறுத்தினார். 'பார்த்துவிட்டேன், நன்றி, இன்றே வெட்டுகிறோம்' என்று ஒரு வரி அங்கே. 'வெட்டுங்கள்' என்று ஒரு வரி தொழிற்சாலைக்கு. பிறகு தம்பிக்குத் தோசை வார்க்கப் போய்விட்டார்.

காலையில் ஆபீஸ் கம்ப்யூட்டரின் பெரிய திரையில் அதே மெயில் முழு நீளத்துக்குக் கிடந்தது. பாராட்டெல்லாம் முடிந்து அடியில் ஒரு வரி: வெட்டுவதற்கு முன் சட்டைக் கையின் நீளத்தை இரண்டு விரல் கூட்டிக்கொள்ளவும்.

துணி ராத்திரியே வெட்டியாகிவிட்டது. வெட்டிய கையை நீட்ட முடியாது.

ஆன்ட்டி செய்த முதல் காரியம், தொழிற்சாலையைக் கூப்பிட்டுத் தையலை நிறுத்தச் சொன்னது. இரண்டாவது, ஜெர்மனிக்கு எழுதியது. 'நான் மெயிலின் மேல்பாதியை மட்டும் படித்தேன். துணி பழைய அளவில் வெட்டப்பட்டுவிட்டது. தவறு என்னுடையது. கையின் நுனியில் தனியாக ஒரு பட்டி, கஃப், வைத்துத் தைத்தால் நீளம் சரியாகும். இன்னும் தைக்கவில்லை. உங்கள் பதிலுக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன்.' முதலாளி வந்ததே அதற்குப் பிறகுதான்.

முதலாளிக்கு வெட்டினதுகூடப் பெரிதாகப் படவில்லை. முந்திக்கொண்டு சொன்னதுதான் தாங்கவில்லை.

"ஏனம்மா இது! எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டு எழுதக் கூடாதா? நாமளே உக்காந்து ஏதாவது ஒரு கதை ரெடி பண்ணியிருக்கலாம்ல?"

"அவங்க காத்துட்டு இருப்பாங்க சார்."

"யாரு காத்துட்டு இருந்தா? அவங்களுக்குத்தான் விஷயமே தெரியாதே!"

"தெரியாம காத்துட்டு இருக்கறது இன்னும் மோசம் சார்."

மேசையைத் தட்டினார். சோப்பு டப்பாவை வாங்கி டிராயரில் போட்டுப் பூட்டினார். ஜெர்மனியை வேறொருவரிடம் கொடுத்தார். இனிமேல் ஆன்ட்டியும் எல்லாரையும்போல ஆபீஸிலேயே உட்கார்ந்து பெரிய திரையில் அடிவரைக்கும் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். அந்தச் சம்பளத்தில்தான் கீழ்வீடு ஓடியது. ஆன்ட்டி உட்கார்ந்தார்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் கேட்டுக் கம்பி அதிர்கிற சத்தம்தான் வருகிறது. அம்மா கீழே இறங்கிப் போய் வெல்லம் கொடுத்துப் பார்த்தாள், பாட்டுப் பாடிப் பார்த்தாள், "தம்பி, அக்கா வர்றா பாருங்க, பஸ் ஏறிட்டா" என்று சொல்லிப் பார்த்தாள். அவர் திரும்பவே மாட்டார். எனக்குக் கை துறுதுறுத்தது. கல்லூரி லேபிலிருந்து சின்னச் சிவப்பு விளக்கு ஒன்றைக் கொண்டு வந்தேன். நிஜமான சோப்பு டப்பாவுக்குக் கறுப்பு டேப் சுற்றி, மூலையில் ஓட்டை போட்டு, விளக்கு விட்டு விட்டு எரிகிற மாதிரி ஒரு சர்க்யூட் செய்து ஜன்னல் திண்டில் வைத்தேன். அப்படியே அச்சு. எனக்கே பெருமை தாங்கவில்லை.

தம்பி அண்ணன் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். பார்த்தார். "அக்கா, கண்ணு சிமிட்டுது" என்றார். யாரும் கையைத் துடைத்துக்கொண்டு வரவில்லை. மறுபடி சிமிட்டியது. மறுபடி சொன்னார். அது பாட்டுக்குச் சிமிட்டிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அதை எடுத்து மெதுவாக என் கையில் கொடுத்தார்.

"பாப்பா, இது பொய்" என்றார். கேட்டுக்குப் போய்விட்டார்.

ஒருநாள் ஆன்ட்டி வீட்டுக்கு வந்தபோது தம்பி அண்ணனின் நெற்றியில் பிளாஸ்திரி. அம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"ரொம்ப நேரம் நின்னானா?" என்றார் ஆன்ட்டி.

"இல்லல்ல, கொஞ்ச நேரம்தான். லேசா பட்டுடுச்சு."

ஆன்ட்டி செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவையே பார்த்தார். "அவ்ளோதானா? கீழ இன்னும் இருக்கா?"

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. மெயிலின் மேல்பாதியில் நின்று மாட்டிக்கொண்டவர் அப்படித்தான் கேட்பார். அப்புறம் அம்மா எல்லாவற்றையும் சொன்னாள். ரத்தம் நிற்காமல் பக்கத்து கிளினிக்குக்கு ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியது, தையல் போடும்போது அவர் அழாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது, எல்லாம். ஆன்ட்டி கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். "சரி, பாத்துட்டேன்" என்றார். உள்ளே போய் விளக்கைப் போட்டார்.

மறுநாள் வேலையை விடுகிறேன் என்று எழுதி எடுத்துக்கொண்டுதான் ஆபீஸுக்குப் போனார். ஜெர்மனி அன்றுவரை பதில் போடவில்லை. யாரையும் காக்க வைக்காத ஆன்ட்டியை அந்த ஜெர்மனி அம்மாள் அத்தனை நாள் காக்க வைத்துவிட்டார். ஆன்ட்டி முதலாளியின் அறைக்குள் நுழைந்தால், மேசை மேல் சோப்பு டப்பா இருக்கிறது.

"உன் ஜெர்மனி எழுதியிருக்கா" என்றாராம் முதலாளி, முகம் கொடுக்காமல். "கஃப் வெச்சே தைங்கன்னுட்டா. தைக்கறதுக்கு முன்னாடி சொன்னதால தப்பிச்சோமாம். அது மட்டும் இல்ல. சாயங்காலம் மெயில் போட்டா காலையிலதான் பதில் வருதாம். அந்த 'பார்த்துவிட்டேன்' லேடி எங்க போனான்னு கேக்கறா. ஏனம்மா இது, அப்படி என்ன மந்திரம் போட்டே?"

"நான் வாயவே தொறக்கல" என்று ஆன்ட்டி படியில் நின்று சொன்னார். "லெட்டர் பையிலயே இருந்துச்சு. டப்பாவ எடுத்துட்டு, 'பாத்துட்டேன் சார்'னேன். 'அடிவரைக்கும் பாரு'ன்னு கத்தினார்."

அன்று சாயங்காலம் காம்பவுண்டுக்குள் "ஜெர்மனி!" என்ற சத்தம் கேட்டது. நானும் அம்மாவும் மாடியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

அதற்குப் பிறகு ஆன்ட்டி எதையும் அடிவரை உருட்டாமல் விட்டதில்லை. மெயிலை மட்டுமா, ஆட்களையும்தான். மூன்றாம் ஆண்டுப் பரீட்சையில் ஒரு பேப்பர் போய்விட்டது என்று சொல்லிக்கொண்டு நான் அவர் சமையலறை வாசலில் நின்றேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "அவ்ளோதானா? கீழ இன்னும் இருக்கா?" என்றார். இருந்தது. படிப்பையே விட்டுவிடலாமா என்று ஒரு மாதமாக யோசிப்பது, அப்பாவிடம் பேச பயம், எல்லாம் கீழே இருந்தது. சொன்னேன். அவர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "பாத்துட்டேன்" என்றார். எனக்கு ஒரு தட்டில் உப்புமா வைத்துக் கொடுத்துவிட்டுத் தாளிக்கப் போனார். அன்றைக்கு எனக்கு அது போதுமாக இருந்தது. இன்றும் ஆபீஸில் யாராவது "ஐ ஆம் ஃபைன்" என்றால் என் வாய் வரைக்கும் வந்துவிடும், கீழ இன்னும் இருக்கா என்று.

பிறகு அந்தக் காம்பவுண்டு இடிபட்டது. நாங்கள் ஒரு பக்கம், அவர்கள் ஒரு பக்கம். கிறிஸ்துமஸுக்குக் கேக் எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பதோடு சரி. போன கிறிஸ்துமஸில் லிங்கராஜபுரத்தில் இருக்கும் அவர்கள் ஃபிளாட்டுக்குப் போனேன். தம்பி அண்ணனுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. சல்யூட் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆன்ட்டி பாதியாக இளைத்திருந்தார். சிறுநீரகம் சரியில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். மத்தியானம் போனால் வருவதற்குப் பொழுது சாய்ந்துவிடுகிறது. சில நாள் நேரமாகிறது.

"பக்கத்து வீட்ல இருக்கற பொண்ணு உக்காந்துக்கறா. ஆனா இவன் லிஃப்ட் கதவ விட்டு நகர மாட்டேங்கறான்" என்றார். லிஃப்டின் இரும்பு மடிப்புக் கதவை நான் வரும்போதே பார்த்திருந்தேன். தம்பி அண்ணனின் நெற்றியையும் பார்த்திருந்தேன்.

"போன் பண்ணிப் பேசுங்களேன் ஆன்ட்டி. வீடியோ கால் போடுங்க."

"போடாம இருப்பேனா? குரல் கேட்டதும் பயந்துக்கறான். படத்துல என்னைப் பாத்தா, ஏன் அக்கா சின்னதா போயிட்டான்னு அழறான்." தன்னுடைய புதுப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெரிய பளபளப்பான கண்ணாடி. "இதுக்குக் கண்ணு இல்லடி. அதான் இவன் நம்ப மாட்டேங்கறான்."

அந்தப் பழையது எங்கே என்று கேட்டேன். ரிட்டயர் ஆனபோது கம்பெனியில் திருப்பி வாங்கிக்கொண்டார்களாம். கம்பெனி சாமானாயிற்றே.

அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எஸ்.பி. ரோட்டில் தோன்றியது.

இப்போது என் மேசையில் அந்தக் கருவி வயிறு பிளந்து கிடக்கிறது. உள்ளே இருந்த பழைய போர்டை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் வீட்டு வைஃபையில் ஓடுகிற ஒரு சின்ன போர்டு. ஆஸ்பத்திரியில் ஊசியை எடுத்ததும் ஆன்ட்டி ஒரு குறிப்பிட்ட முகவரிக்கு ஒரு மெயில் அனுப்ப வேண்டும். வெறும் மெயில், ஒரு எழுத்துகூட வேண்டாம். லிங்கராஜபுரத்தில் ஜன்னல் ஓரத்தில் கண் சிமிட்டும். அவர் கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். இதுவரை வேலை செய்கிறது. என் அறையில் நூறு தடவை சிமிட்டிக் காட்டிவிட்டது.

ஆனால் கல்லூரி லேப் விளக்கை நான் மறக்கவில்லை. வெறுமே சிமிட்டினால் தம்பி அண்ணன் அதை எடுத்து என் கையிலேயே கொடுத்துவிடுவார். சிமிட்டிய கண்ணை யாராவது வந்து பார்க்க வேண்டும். பார்த்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர்தான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாரே என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் பல் தேய்க்கும்போது பிடிபட்டது. தம்பி அண்ணனே சொல்லட்டும். சக்கரத்தை உருட்டி அழுத்தினால் கண் அணைய வேண்டும். அந்த அழுத்தலே ஒரு மெயிலாகிப் போய் ஆன்ட்டியின் போனில் விழ வேண்டும்: பாத்துட்டேன்.

நேற்று ஆன்ட்டியைக் கூப்பிட்டு மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். என்னுடைய ஞாபகத்தில் ஆன்ட்டி யாருக்கும் பதில் சொல்லத் தாமதித்தது அந்த ஒரு முறைதான்.

"அவன் எனக்கு பதில் போடுவானா?" என்றார்.

"போடுவாரு ஆன்ட்டி. அழுத்தத் தெரிஞ்சா போதும்."

"அழுத்தத் தெரியும். நான் உருட்டறத எத்தன வருஷம் பாத்திருக்கான்." பிறகு, "ஏய், அவ்ளோதானா? கீழ இன்னும் இருக்கா?" என்றார்.

இருக்கிறது. சக்கரம் உருளுகிறது, அழுத்தினால் மட்டும் பத்துக்கு நாலு தடவை பிடிப்பதில்லை. உள்ளே விசையின் கம்பிக்கால் ஒன்று துருப்பிடித்து இற்றுப்போயிருக்கிறது. தம்பி அண்ணன் முதல் தடவை அழுத்தும்போது கண் அணையாமல் போனால், அவருக்கு அது பொய்யாகிவிடும். இரண்டாவது தடவை தர மாட்டார். காலையில் மறுபடி பாயிடம் போய், அதே மாதிரி இன்னொரு டப்பாவைத் துழாவி, அதன் சக்கரத்தைக் கழற்றி இதில் வைக்கப் போகிறேன். வியாழக்கிழமை ஆன்ட்டிக்கு ஆஸ்பத்திரி. நான் லீவு சொல்லிவிட்டேன். சாயங்காலம் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பேன், கையைக் கட்டிக்கொண்டு. எதையும் தொட மாட்டேன்.